ரைமுண்டோவைப் படிக்கட்டில் நிறுத்தியவள்

லியோகாதியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முப்பத்தாறு வயதுக்குள் நாற்பது நாவல்களுக்கு மேல் முடித்திருந்தாள். எல்லாம் காது வழியாகத்தான்.

ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் போட்ட கனாரித் தீவுக்காரர் எபிஃபானியோ இருந்தாரே, அவருடைய நாலாவது பிள்ளை இவள். மூத்தவள் பிளாசேத்தாஸில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டாமவள் கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்து கசாப்புக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது ஆண், அவன் கதையை எடுத்தால் இன்றைக்கு முடியாது. லியோகாதியா பதினான்கு வயதில் கபாய்குவான் சுருட்டுப் பட்டறைக்கு வந்தாள். முப்பது பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, புகையிலையின் நடுநரம்பை உரித்து, இலையைத் தொடைமேல் விரித்து அடுக்குவது வேலை. பக்கத்துக் கூடத்தில் அறுபது ஆண்கள் சுருட்டு உருட்டுவார்கள். அவர்கள் நடுவே ஆள் உயர மேடை. மேடைமேல் நாற்காலி. நாற்காலியில் வாசிப்பவர். காலையில் பத்திரிகை, மத்தியானம் நாவல்.

வாசிப்பது உருட்டுகிறவர்களுக்குத்தான். பெண்கள் பக்கம் வருவது மிச்சம்மீதி சத்தம். நடுவில் ஒரு கதவு இருந்தது. அது சாத்தியிருந்தால் அதுவும் வராது. நிக்கனோர் என்ற உருட்டுக்காரன் ஒரு சனிக்கிழமை அந்தக் கதவைக் கீலோடு கழற்றிக் கொல்லையில் சாத்திவிட்டான். கேட்டதற்கு, "கீச்சு கீச்சுன்னு கத்துது, வாசிப்புக்கு இடைஞ்சல்" என்றான். கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கலாமே என்று மேஸ்திரி கேட்டார். கதவு இருந்த இடத்துக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தவள் லியோகாதியா. அடுத்த வருஷம் கல்யாணம். கதவு திரும்பி மாட்டப்படவேயில்லை.

எங்கள் பட்டறையில் எந்த நாவல் என்பதை முதலாளி சொல்லமுடியாது, வாசிப்பவரும் சொல்லமுடியாது. உருட்டுகிறவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் இலை வெட்டும் பிறைக்கத்தி இருக்கும். பிடித்திருந்தால் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கீழே போடுவார்கள். கல் தரையில் அது விழும் சத்தம் வாசிப்பவர்களின் சொப்பனத்தில்கூட வரும் என்பார்கள். இந்த வாசிப்பு விவகாரத்துக்கு ஒரு தலைவர் உண்டு. நிக்கனோர் ஒன்பது வருஷமாகத் தலைவன்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. யாரும் கதையை முந்திப் படிக்கக்கூடாது. முடிவு தெரிந்தாலும் சொல்லக்கூடாது. ஒருதடவை கிழவர் ஸெனோனின் மைத்துனன் ஒரு கதையின் முடிவை உளறிவிட்டான். மூன்று மாதம் அவனோடு யாரும் பேசவில்லை. ஸெனோனின் தங்கைகூட வீட்டில் அவனுக்குச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாளாம்.

முப்பத்தேழாம் வருஷம் அந்தப் புத்தகம் வந்தது. பிரெஞ்சு ராஜா காலத்துக் கதை. வாள், குதிரை, முகமூடி, கள்ளச்சாவி எல்லாம் உண்டு. ஹவானா பட்டறைகளில் மூன்று தலைமுறை கேட்ட கதை, எங்கள் ஊருக்குப் புதுசு. அதற்குக் காரணம் ஸெனோன்தான். ஒரு காலத்தில் அவர் ஹவானாவில் அதைப் பாதிவரை கேட்டவர். நடுவில் வேலைநிறுத்தம் வந்து, பட்டறையை மூடி, அவர் ஊர் திரும்பும்படி ஆகிவிட்டது. அந்தப் பாதிக் கதையை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் பைத்தியமாக்கியிருந்தார். கடைசியில் ஒரு கத்திகூடக் கீழே விழாமல் தீர்மானமாயிற்று. சிவப்புத் துணி அட்டை போட்ட இரண்டு பாகங்கள் சான்ட்டா கிளாராவிலிருந்து வந்தன.

நாயகன் பெயரை ரைமுண்டோ என்று எங்கள் வாய்க்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம். இடதுகைக்காரன். ஒரு கோட்டைத் தலைவன் அவனுடைய தகப்பனைக் கொன்று நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான். அவனைத் தேடி ரைமுண்டோ ஒவ்வொரு ஊராகப் போகிறான். வாசித்தவர் தோன் உபால்தோ, லியோகாதியாவின் இரண்டாவது மகளுக்கு ஞானத்தகப்பன். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர், ஒல்லி, மீசைக்கு மை போடுவார். ஆனால் வாயைத் திறந்தால் குதிரை வரும், மழை வரும், பதினெட்டு வயதுச் சீமாட்டி வருவாள்.

அந்த மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரைமுண்டோ கோட்டை மதிலில் கயிறு வீசும் கட்டத்தில், நிக்கனோர் தன் பலகைமேலேயே ரத்த வாந்தி எடுத்தான். வயிற்றில் புண். சான்ட்டா கிளாரா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிழித்துத் தைத்தால்தான் உண்டு, அதற்கும் அங்கே படுத்து உடம்பு கொஞ்சம் தேறவேண்டும், அடுத்த புதன்கிழமை பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் ரயிலடியில் பட்டறையே நின்றது. நிக்கனோருடைய அண்ணன் கூடப் போனார். லியோகாதியாவுக்கு மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. அவளால் போக முடியவில்லை. தோன் உபால்தோ தன் வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து, "ரயில்ல மரப்பலகைதாம்மா, தலைக்கு இது இருக்கட்டும்" என்றார். அவள் அதை வாங்கிப் புருஷன் தலைக்குக் கீழே வைத்தாள். கல்மாதிரி இருந்தது. தனிக்கட்டை வீட்டுத் தலையணை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ரயில் வரும்வரை வாசிப்பவர் நிக்கனோரின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். ஜெபம் சொல்கிறார் போல என்று அவளும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரைமுண்டோ கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் ஏறினான். மேலே கோட்டைத் தலைவன். கீழே ஏழு காவலர். இரண்டு பக்கமும் வாள். பதினோராம் படியில் கோட்டைத் தலைவனின் வாள் ரைமுண்டோவின் வயிற்றில் இறங்கியது. அவன் சுவரில் சாய்ந்தான், கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டான், விரலிடுக்கில் ரத்தம். தோன் உபால்தோ புத்தகத்தை மூடினார். "முதல் பாகம் முற்றிற்று."

ஒருவரும் கத்தியைத் தட்டவில்லை.

லியோகாதியா மடியிலிருந்த இலையை நரம்போடு சேர்த்துக் கிழித்துவிட்டாள். பதினோராம் படி, அவள் புருஷன் பெஞ்சும் பதினோராவது. வயிற்றில்தான் அவனுக்கும். சான் லாசரோவுக்கு அவள் ஏற்கெனவே நேர்ந்துகொண்டிருந்தாள், முட்டிபோட்டுக் கோயில்வரை போவதாக. ஆனால் சனியும் ஞாயிறும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தவர் சான் லாசரோ அல்ல, சுவரில் சாய்ந்திருந்த ரைமுண்டோ. அவன் விழுந்தால் இவனும் விழுவான். அவன் எழுந்தால் இவனும் எழுவான். இது எப்படி மனசில் ஏறியது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஏறிவிட்டது.

திங்கட்கிழமை காலை, கதவில்லாத அந்த வாசலைத் தாண்டி அவள் ஆண்கள் கூடத்துக்குள் வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தோன் உபால்தோ அன்றைக்கு அந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, இருமியபடி மேடை ஏறிக்கொண்டிருந்தார்.

"இரண்டாம் பாகத்தை ஆரம்பிக்க வேண்டாம்" என்றாள். "நிக்கனோர் பிழைச்சு வர்றவரைக்கும் ரைமுண்டோ அந்தப் படியிலேயே இருக்கட்டும். படிக்காத வரைக்கும் அவன் சாக மாட்டான் இல்லையா?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அழுதிருப்பாள். ஸெனோன் மட்டும் மெல்ல எழுந்தார்.

"அம்மாடி, எனக்கு எழுபத்தொண்ணு. இருபத்திரண்டு வருஷமா அந்தப் படிக்கட்டுல நானும்தான் நிக்கிறேன். இப்ப நீ நிறுத்தி, நடுவுல நான் போய்ட்டேன்னு வை, மேல போய் யார்கிட்ட கதை கேக்குறது?"

"மேல போனா ரைமுண்டோவையே கேளுங்க மாமா."

இதற்குச் சிரிப்பு எழுந்தது. ஸெனோன் தன் கத்தியைத் தரையில் போட்டார். இன்னும் பதினாறு கத்திகள் விழுந்தன. மற்றவர்கள் பலகையில் தட்டினார்கள், மெதுவாக, சாவு வீட்டில் பேசுகிறமாதிரி. புத்தகம் நின்றது. ஒரு பட்டறை நாவலைப் பாதியில் நிறுத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

லியோகாதியா நன்றி சொல்ல மேடையைப் பார்த்தாள். தோன் உபால்தோ கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இருமல் நின்றுபோயிருந்தது. ஆனால் அவள் கண்ணை அவர் பார்க்கவில்லை.

அந்த ஒரு வாரத்தைப் பட்டறை மறக்காது. அலமாரியில் இன்னும் படிக்காத நாவல் வேறு இல்லை. கையில் கிடைத்தது தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு புத்தகம். ராணித் தேனீ எத்தனை முட்டை இடும் என்பதைத் தோன் உபால்தோ சீமாட்டிக் குரலிலேயே படித்தார். சுருட்டுகள் கோணலாக உருண்டன. மேஸ்திரி திட்டினார், திட்டுவதற்கு நடுவே, "அந்தக் கோட்டைத் தலைவன் வாள்ல விஷம் தடவியிருப்பான்னு நினைக்கிறியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஸெனோன் சாப்பாட்டு வேளையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

லியோகாதியா பார்த்தது தோன் உபால்தோவின் முகத்தை மட்டும். முழுப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படித்துத் தயார் செய்யும் உரிமை வாசிப்பவர் ஒருவருக்குத்தான். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்புகிறார். செவ்வாய்க்கிழமை காப்பிக்காரன் வண்டியருகே மடக்கினாள்.

"முடிவு வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. எழுந்திருக்கிறானா, இல்லையா?"

அவர் கையிலிருந்த காப்பி தளும்பியது. "என்கிட்ட கேக்காதம்மா. உன் மகள்மேல சத்தியமா, நான் இப்ப எதுவும் சொல்ற நிலைமையில இல்ல" என்று பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. ரைமுண்டோ செத்துவிட்டான்.

புதன்கிழமை அவள் உரித்த இலை ஒன்றுகூட உருப்படியில்லை. பக்கத்துப் பெண்கள் தங்கள் கட்டிலிருந்து எடுத்து அவள் கட்டில் சேர்த்தார்கள். சாயந்தரம் மருந்துக் கடைத் தொலைபேசிக்கு நிக்கனோரின் அண்ணன் கூப்பிட்டார்: கிழித்தாகிவிட்டது, தைத்தாகிவிட்டது, இனி காய்ச்சல் வராமல் இருக்கவேண்டும். வியாழக்கிழமை காய்ச்சல் இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் என்றார். சனிக்கிழமை தொலைபேசி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கசாப்புக் கடை அக்காவிடம் விட்டுவிட்டு முதல் ரயிலைப் பிடித்தாள். இஸ்திரி போட்ட இரண்டு சட்டை, சான் லாசரோ படம் ஒன்று. வழியெல்லாம் கரும்புக்காடு. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

வார்டில் பன்னிரண்டு கட்டில். ஒரே கூட்டமாக ஒரு மூலையில் சிரிப்புச் சத்தம். அதற்கு நடுவில் நிக்கனோர், கன்னம் ஒட்டி, தாடி மண்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிரோடு. அவளைப் பார்த்ததும் எதையோ போர்வைக்கடியில் தள்ளினான்.

லியோகாதியா வாசலிலேயே நின்றாள். பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"வாங்க தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா இந்த வார்டே செத்திருக்கும். என்னமா படிக்கிறாரு. ரைமுண்டோ செத்த அன்னிக்கு அந்த நர்ஸ் சிஸ்டர்கூட ஊசி போடாம நின்னு அழுதாங்க."

"வாயை மூடுய்யா" என்றான் நிக்கனோர்.

அவள் கட்டிலருகே வந்து போர்வையைத் தூக்கினாள். சிவப்புத் துணி அட்டை. அந்தக் கல் தலையணை உறை, உள்ளே பஞ்சு பாதி குறைந்து, கிழிந்து தொங்கியது. ரயிலடி, தலையணை, காதோரம் சொன்ன ஜெபம், வெயிலில் கம்பளித் துணி, தளும்பிய காப்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு வந்து சேர்ந்தன.

"வாசிப்புக்குத் தலைவன்" என்றாள். "முந்திப் படிக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன தலைவன்."

"தோன் உபால்தோவைத் திட்டாதடி. நான்தான் கெஞ்சினேன். முதல் பாகத்து மிச்சத்தை ரயிலடியிலேயே காதுல சொல்லிட்டார். வெறும் சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா, டாக்டர் கிழிக்கிறதுக்கு முந்தி நானே போயிருப்பேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. "அவன் எப்ப செத்தான்?"

"போன சனிக்கிழமையே. அம்பத்திரெண்டாம் பக்கம். எனக்குக் கிழிக்கிறதுக்கு நாலு நாள் முந்தி. ரெண்டாம் பாகம் பூரா அவன் தங்கச்சி பழிவாங்குற கதைதான். வாள் பிடிச்சா அண்ணனைவிட…" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன்டி அழுற? கதைதானே."

அவள் திங்கட்கிழமை கத்தி விழுந்த கதையைச் சொன்னாள். ரைமுண்டோவைச் சாகவிடாமல் அறுபது பேரைத் தேனீக் கதை கேட்கவைத்ததைச் சொன்னாள். அவள் அவனை நிறுத்திவைத்தபோது அவன் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் செத்ததை வாய்விட்டுப் படித்தவன் இதோ உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறான். நிக்கனோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலித்தது. வயிற்றைப் பொத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதே, பிரிஞ்சிடும்" என்று கண்ணீர் விட்டான். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். எட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

சாயந்தரம் கிளம்பும்போது அழுக்குச் சட்டைகளுக்குள் புத்தகத்தைச் சுற்றினாள்.

"ஏய், இன்னும் நாப்பது பக்கம் பாக்கி" என்றான் அவன்.

"தெரியும்."

"நாப்பதே பக்கம். நாளைக்கு மத்தியான ரயில்ல அண்ணன்கிட்ட குடுத்தனுப்புறேன்…"

"சட்டம்னா சட்டம்" என்று அவள் நடந்தாள். சர்க்கரை ஆலைக்காரர் அவள் பின்னாலேயே கத்தினார். அவருக்கும் அந்த நாற்பது பக்கம் போயிற்றே.

திங்கட்கிழமை விடிந்ததும் தோன் உபால்தோவின் கதவைத் தட்டினாள். சட்டை மூட்டையிலிருந்து சிவப்பு அட்டை வெளியே வந்ததும் அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். மீசை மை வெளுத்திருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் அறுபது கத்தியும் தரையில் விழும் என்பதை அவள் அறிவாள். "உங்க தலையணை கிழிஞ்சு போச்சு, வேற தச்சுத் தர்றேன்" என்றாள். அவ்வளவுதான் அதைப்பற்றி அவள் பேசியது, அன்றைக்கும் அதற்குப் பின்னும்.

பட்டறையில் கதவில்லாத அந்த வாசலில் நின்று, காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் படிக்கலாம் என்று சொன்னாள். அன்றைக்குக் கத்திகள் தட்டிய சத்தத்தில் தெருவில் போன குதிரை மிரண்டது.

வியாழக்கிழமை ஐம்பத்திரண்டாம் பக்கம் வந்தது. ரைமுண்டோ வைக்கோல் வண்டியில் தங்கை மடியில் கிடந்தான். தோன் உபால்தோவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கேட்டவர்களுக்குப் புரியத் தொடங்கியது. ஒருவர், இருவர், பிறகு எல்லாத் தலைகளும் கதவில்லாத வாசல் பக்கம் திரும்பின. ஸெனோன் எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மனிதர், கையை உயர்த்தினார்.

"போதும் உபால்தோ. இன்னிக்கு இங்கேயே நிறுத்துங்க. அந்தப் பொண்ணு கேக்குது. எனக்கு முடிவு வேண்டாம்."

லியோகாதியா மடியிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். கூடத்துக்குள் வந்து, பதினோராவது பெஞ்சுக்குப் போனாள். நிக்கனோரின் பிறைக்கத்தி அவன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது.

"படிங்க தோன் உபால்தோ" என்றாள். "சாகிறது ரைமுண்டோ. என் வீட்டுக்காரன் நேத்து கஞ்சி குடிச்சான்."

அந்தக் கத்தியை எடுத்து அவன் பலகையில் மூன்று தட்டு தட்டினாள். ஸெனோன் உட்கார்ந்தார். ரைமுண்டோ நல்லபடியாகச் செத்தான். கூடமே மூக்கைச் சிந்தியது. லியோகாதியா மட்டும் புன்சிரிப்போடு நின்றதைப் பார்த்து, இவளுக்கு எத்தனை நெஞ்சுரம் என்று வெகுநாள் பேசினார்கள்.

நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை நிக்கனோர் ஊர் வந்தான். டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முந்தி, கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு. ரயிலடியில் அவளைப் பார்த்ததும் அவன் கேட்டது பிள்ளைகளைப் பற்றியல்ல.

"முடிச்சிட்டாங்களா?"

"இன்னிக்குத்தான் கடைசி."

"தங்கச்சி கோபுரத்துல ஏறினாளா? அதுவரைக்கும் சொல்லு, மேல வேண்டாம்."

"முந்திச் சொல்லக்கூடாது" என்றாள் லியோகாதியா.

வீட்டுப் பக்கம் திரும்பும் முக்கில் அவன் திரும்பவில்லை. வயிற்றில் ஒரு கை, அவள் தோளில் ஒரு கை, அடிமேல் அடிவைத்துப் பட்டறைக்கு நடந்தான். கூடத்தில் அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவன் தன் பெஞ்சுக்குப் போகாமல், கதவு இருந்த இடத்தில் ஒரு புகையிலைக் கட்டின்மேல், மனைவிக்கு எதிரே உட்கார்ந்தான்.

தோன் உபால்தோ அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, தங்கை ஏறும் சுழல் படிக்கட்டின் முதல் படியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.